ரேடியேட்டரில் குமிழி, கலோ ஏற்றத்தில் சூடு: பழைய 12 சக்கர லாரிக்கு எஞ்சினையே மாற்ற வேண்டுமா?

#1 பெகு_லாரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

வண்டி 1992 மாடல். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே பர்மாவுக்கு வந்த 12 சக்கர லாரி, டர்போ இல்லாத வி8 எஞ்சின். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு ஏழு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். பெகுவில் சிமென்ட்டோ உரமோ ஏற்றி, பழைய மண்டலே ரோட்டில் டவுங்கு, பியின்மனா வழியாக மெய்த்திலா போய், அங்கே திரும்பி தாஸி தாண்டி கலோ மலை ஏறி அவுங்பானில் இறக்குவோம். வரும்போது உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், இஞ்சி. மாதம் நான்கு நடை.

சமவெளியில் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. சூட்டு முள் பாதியில் நிற்கும். யின்மாபின் தாண்டி ஏற்றம் பிடித்ததும் முள் ஏற ஆரம்பிக்கிறது. இரண்டு வளைவுக்கு ஒரு தடவை ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆறவிட்டுப் பார்த்தால் தண்ணீர் நாலைந்து லிட்டர் குறைந்திருக்கும். எங்கேயும் ஒழுகல் கிடையாது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் கறுப்பாகவே இருக்கிறது, பால் நிறம் ஆகவில்லை. ஆனால் காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் கழுத்தில் குமிழி வருகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு, போய்விட்டது என்றார்கள். இரண்டு பக்க ஹெட்டையும் இறக்கி, ஃபேஸ் அடித்து (அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கி), புது கேஸ்கெட் போட்டார்கள். 12 நாள் வண்டி நின்றது. முதல் நடையிலேயே பழைய கதைதான். திரும்பக் கொண்டுபோனேன். ஒரு ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம் என்று வேறு ஹெட் வாங்கிப் போட்டார்கள். அப்போதும் அதே குமிழி. இப்போது பிளாக்கே வெடித்திருக்கும், எஞ்சினை மாற்றிவிடு என்கிறார்கள்.

பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு இருக்கிறது. அம்மா வளையலைக் கழற்றித் தருகிறேன் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 தாட்டோன்_தம்பி

அண்ணே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு அது தேவையே இல்லை. எங்கள் லாரி கேட்டில் (லாரிகள் நிற்கும் இடத்தில்) நிறைய வண்டி அது இல்லாமல்தான் ஓடுகிறது.

#3 மெய்த்திலா_பம்பு

தம்பி, வளையலை வாங்காதே. முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்.

குமிழி ஸ்டார்ட் செய்த உடனே வருகிறதா, சூடான பிறகா? எஞ்சினை முறுக்கினால் அதிகமாகிறதா? கழுத்தில் மூக்கை வைத்தால் டீசல் புகை வாடை வருகிறதா? எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை உண்டா?

இன்ஜெக்‌ஷன் டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) தள்ளிப்போயிருந்தாலும் ஏற்றத்தில் சூடு ஏறும். நான் பார்ப்பது அந்த வேலைதான் என்பதால் அது என் கண்ணில் முதலில் படுகிறது. ஆனால் டைமிங் சரியில்லை என்று ரேடியேட்டரில் குமிழி வராது. ஆகவே குமிழியைத்தான் முதலில் துரத்த வேண்டும்.

#4 பெகு_லாரி

உடனே வருகிறது அண்ணே. முறுக்கினால் கூடுகிறது. புகை வாடை எனக்குத் தெரியவில்லை, ஸ்பேர் பையனும் (வண்டியில் கூட வரும் உதவியாள்) இல்லை என்றுதான் சொன்னான். வெள்ளைப் புகையும் கிடையாது. சில சமயம் குமிழி அதுவாகவே நின்று, பிறகு திரும்ப வருகிறது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

#5 மோல்மேன்_டீசல்

"சில சமயம் அதுவாகவே நின்று" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை உன் பட்டறைக்காரர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஹெட்டை இறக்கியே இருக்க மாட்டார்.

எஞ்சின் வாங்க வேண்டாம் தம்பி. ஏர் கம்ப்ரஸரைப் பார்.

பிரேக்குக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸரின் ஹெட்டைக் குளிர வைப்பதும் எஞ்சின் தண்ணீர்தான். பிளாக்கிலிருந்து ஒரு குழாய் போகும், இன்னொன்று திரும்பி வரும். கம்ப்ரஸர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட் வாய்விட்டால், அமுங்கிய காற்று தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து ரேடியேட்டருக்கு வந்துவிடும். பார்ப்பதற்கு ஹெட் கேஸ்கெட் போனது போலவே இருக்கும். புகை வாடை மட்டும் இருக்காது, ஏனென்றால் அது வெறும் காற்று. அந்தக் காற்று மேலே சேர்ந்துகொண்டு தண்ணீரை ஓவர்ஃப்ளோ குழாய் வழியே ரோட்டில் கொட்டும். ஓடும்போது கொட்டுவதால் நிறுத்திப் பார்த்தால் ஒழுகல் தெரியாது. தண்ணீர் குறைந்த ரேடியேட்டரோடு கலோ ஏறினால் முள் ஏறத்தானே செய்யும்?

சோதனை சொல்கிறேன். விடியற்காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது செய். சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. என் இடது முன்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடு. ஏர் டேங்கைக் காலி செய்யப் போகிறாய், காற்று இல்லாத பழைய வண்டியின் பிரேக்கை நம்பக் கூடாது. டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கிற காக், அதாவது குழாய்த் திருகு, இருக்கும்; அதைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார். பிறகு காக்கை மூடு. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடு. ஸ்பேர் பையன் கேபினில் உட்கார்ந்து காற்று முள்ளைப் பார்க்கட்டும். நீ கழுத்தைப் பார். முள் 8 கிலோ அமுக்கத்துக்குப் பக்கம் போனதும் கவர்னர் (காற்று நிறைந்ததும் கம்ப்ரஸரை ஓய விடும் வால்வு) 'புஸ்' என்று விடும், கம்ப்ரஸர் சும்மா சுற்றத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு குமிழிக்கு என்ன ஆகிறது என்று பார்த்து எழுது.

ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால் அதற்குக் கவர்னரைப் பற்றி என்ன கவலை? எஞ்சின் ஓடுகிற வரை குமிழி வந்துகொண்டே இருக்கும். கம்ப்ரஸராக இருந்தால் நின்றுவிடும். பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக் காற்றைக் குறைத்தால் திரும்ப வரும்.

#6 ரங்கூன்_ஸ்பேர்ஸ்

மோல்மேன் சயா, அதாவது குரு, சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கடைக்கு ஹெட் கேஸ்கெட் செட் கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் "கம்ப்ரஸரைப் பார்த்தீர்களா" என்று கேட்கிறேன். கோபப்படுகிறார்கள், ஆனாலும் கேட்கிறேன். முழு செட்டின் விலை எங்கே, கம்ப்ரஸர் கேஸ்கெட்டின் விலை எங்கே!

#7 பெகு_லாரி

ஐயா, இன்று காலை ஐந்தரை மணிக்குச் செய்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டேங்க் காக்கைத் திறந்ததும் தட்டில் துருநிறத் தண்ணீர் வந்தது. விரலால் தொட்டால் வழவழப்பு. நான் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்ட்டின் வாடை அடித்தது. காற்று டேங்கில் கூலன்ட்! எத்தனை நாளாகக் காக்கைத் திறந்து தரையில் விட்டிருக்கிறேன், ஒரு நாளும் தட்டில் பிடித்துப் பார்த்ததில்லை.

ஸ்டார்ட் செய்தேன். காற்று முள் ஏற ஏற, உலை கொதிப்பது போலக் குமிழி. பையன் உள்ளிருந்து "ஐந்து... ஆறு... ஏழு..." என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏழரையைத் தாண்டியதும் 'புஸ்' சத்தம். நான்கைந்து குமிழி வந்தது, அவ்வளவுதான். தண்ணீர் தட்டையாக நின்றது. என் முகம் அதில் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது ஐயா. இரண்டு தடவை ஹெட் இறக்கிய காசு கண் முன்னால் வந்தது.

பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஆறாவது மிதியில் திரும்பக் குமிழி. பத்து தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

ஒரே ஒரு சந்தேகம். நானாக இன்னொன்றும் செய்து பார்த்தேன். டேங்க் காக்கைத் திறந்தே விட்டு ஓட்டினேன். காற்றுத்தான் சேரவில்லையே, குமிழி சுத்தமாக நிற்க வேண்டும் அல்லவா? குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் பிளாக்கிலும் ஏதாவது இருக்குமோ?

#8 மோல்மேன்_டீசல்

நல்ல கேள்வி. நான் சொல்லாமலே செய்து பார்த்தாயே, சந்தோஷம்.

பிளாக்கில் எதுவும் இல்லை, பயப்படாதே. கவர்னர் விட்டதும் தண்ணீர் தட்டையாக நின்றதே, அதுவே சாட்சி. டேங்க் திறந்திருந்தும் கம்ப்ரஸருக்குள் அமுக்கம் இருக்கிறது என்றால், இரண்டுக்கும் நடுவே வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஸர் ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் டெலிவரி பைப்பைக் கழற்று. உள்ளே கரி பிடித்திருக்கும். கவர்னர் விடும்போது உன் கம்ப்ரஸரின் உறிஞ்சு வால்வு திறந்தே நிற்கும், உள்ளே அமுக்கமே வராது, அதனால்தான் அப்போது மட்டும் சுத்தமாக நின்றது.

கேஸ்கெட் ஏன் போனது என்பதற்கும் அதுவே பதிலாக இருக்கலாம். வழி அடைத்தால் காற்று திரும்பி அமுக்கும், ஹெட் சூடாகும், கேஸ்கெட் கருகும். பைப்பைப் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் இரண்டு மாதத்தில் திரும்ப இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பாய்.

கரி எங்கிருந்து வந்தது என்றும் கேள். கம்ப்ரஸர் பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறும். சூட்டில் கருகும். கருகியது பைப்பில் படியும்.

#9 தாட்டோன்_தம்பி

சயா, கேஸ்கெட் கிடைக்கவில்லை என்றால் கேஸ்கெட் பேப்பரில் வெட்டிப் போடலாமா? டைமிங் கவருக்கு அப்படித்தான் செய்கிறோம். இன்னொன்று, நான் சொன்ன தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

#10 மோல்மேன்_டீசல்

கவருக்குப் பேப்பர் போதும், அங்கே அமுக்கம் இல்லை. கம்ப்ரஸர் ஹெட்டுக்கு வேண்டாம். எட்டு கிலோ அமுக்கமும், அடுப்பில் வைத்தது போன்ற சூடும், பக்கத்திலேயே தண்ணீரும். உலோகத் தகடு வைத்த கேஸ்கெட்தான் தாங்கும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நம் ஊரில் எல்லாரும் செய்கிற தப்பு இது.

தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகப் பம்புக்கே திரும்பும். எஞ்சின் சீக்கிரம் சூடாவதற்காக அந்த ஏற்பாடு. சூடானதும் தெர்மோஸ்டாட் திறக்கும். ஜப்பான் பெரிய எஞ்சின்கள் பலவற்றில் அதன் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வழி திறக்கும்போது அந்தக் கீழ்த் தட்டு இறங்கிப் பைபாஸை மூடும். அப்போதுதான் தண்ணீர் முழுக்க ரேடியேட்டருக்குப் போகும். நீ அதைக் கழற்றிப் போட்டால் பைபாஸை மூட ஆள் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுற்றும். சமவெளியில் தெரியாது. ஏற்றத்தில் தெரியும்.

சமவெளியில் கெடுதல் இல்லை என்றும் நினைக்காதே. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடினால் டீசல் முழுக்க எரியாது, லைனர் (சிலிண்டரின் உள் உறை) தேயும், ஆயில் கெடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வை. அடியில் தட்டாமல் பார்த்துக்கொள். கூடவே ஒரு வெப்பமானியும் வை. தெர்மோஸ்டாட்டின் மேல் 76.5 அல்லது 82 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது வாங்கு. திறந்தால் திரும்பப் போடு. எறியாதே.

#11 மெய்த்திலா_பம்பு

பெகு தம்பி, ஏர் வழி முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிடு. எங்கேயாவது காற்று கசிந்தால் கம்ப்ரஸருக்கு ஓய்வே கிடைக்காது. நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கும். ரிங் தேய அதுவும் ஒரு காரணம்.

#12 பெகு_லாரி

மூன்று நாள் வேலை முடிந்தது. நானும் பையனும் செய்தோம். பக்கத்து லேத் பட்டறை அண்ணனும் வந்து கை கொடுத்தார்.

டெலிவரி பைப்பைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தேன். என் கட்டை விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பால்பென் ரீஃபில்தான் நுழைந்தது. சாதம் அடிப்பிடித்த சட்டி போலக் கரி, கம்பியால் குத்தினால் பாளம் பாளமாக விழுந்தது. வளைவுப் பக்கம் சுத்தம் செய்ய முடியவில்லை. வேறு பைப் வளைத்துப் போட்டாயிற்று.

கம்ப்ரஸர் ஹெட்டைத் தூக்கினால் கேஸ்கெட்டில் சிலிண்டர் ஓட்டைக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவே தீக்குச்சி அகலத்துக்குத் தின்றுபோயிருந்தது. அவ்வளவுதான், ஒரு தீக்குச்சி. அதற்காகத்தான் இரண்டு மாதம். ரிங்கும் தேய்ந்திருந்தது. சிலிண்டரில் மேல் விளிம்பு கையில் நிரடியது.

ரங்கூன் அண்ணன் கேஸ்கெட்டையும் ரிங்கையும் பஸ்ஸில் போட்டு அனுப்பினார், நன்றி அண்ணே. வால்வுத் தட்டைக் கண்ணாடி மேல் பேஸ்ட் தடவித் தேய்த்து மட்டம் பார்த்தோம். சிலிண்டரை லேத் அண்ணன் ஹோன் செய்து (உள்ளே தேய்த்துச் சீராக்கி) கொடுத்தார்.

மெய்த்திலா அண்ணன் சொன்ன சோப்புத் தண்ணீரும் வேலை செய்தது. பின் ரிலே வால்வுக்குப் போகும் நைலான் குழாய் சேசிஸில் உரசி, ஊசித் துளை விழுந்திருந்தது. நின்றுகொண்டு கேட்டால் சத்தமே கேட்காது. சோப்பு மட்டும் நுரைத்தது. மாற்றி, உரசும் இடத்தில் பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றிக் கட்டினேன்.

இன்னொன்று சொன்னால் கோபம் வரும். தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்று அது உட்காரும் கூட்டைத் திறந்தால் உள்ளே எதுவுமே இல்லை. முதல் தடவை ஹெட் இறக்கியபோது பட்டறையிலேயே எடுத்துவிட்டிருக்கிறார்கள், என்னிடம் சொல்லவே இல்லை. அதன் பிறகுதான் சூடு இன்னும் மோசமானது என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

#13 தாட்டோன்_தம்பி

அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதை நீங்கள் செய்திருந்தால் இன்னும் கெட்டிருக்கும். இன்று எங்கள் கேட்டில் சயா எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் தெர்மோஸ்டாட் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

சயா, உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

#14 மோல்மேன்_டீசல்

நான் பட்டறையில் சேர்ந்தது 13 வயதில். 1970 டிசம்பர் 6-ஆம் தேதி ரோடு இடமிருந்து வலத்துக்கு மாறியது, அதற்கு அடுத்த வருடம். வண்டி எல்லாம் வலது கை ஸ்டீயரிங், ரோடு மட்டும் வலது பக்கம். முன்னால் போகிற வண்டியை முந்த வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. ஸ்பேர் இடது ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்து "வா" என்று சொன்னால்தான் போக முடியும். இன்றைக்கும் பழைய வண்டிகளில் அதே கதைதானே. அந்த வேலையில்தான் நான் தொடங்கினேன். ஒரு வண்டியின் உயிர் என் கண்ணில் இருக்கிறது என்று 13 வயதில் தெரிந்தது.

என் குரு நம் ஊர்க்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து வம்சம். போர் முடிந்து விட்டுப்போன கனடா செவர்லேக்களில் கை பழகியவர். பிறகு ஹீனோ. 1954-இல் ஜப்பானோடு போட்ட நஷ்டஈட்டு ஒப்பந்தத்தின் வழியாக வந்து, இங்கேயே பூட்டி ஓட்டிய லாரிகள் அவை. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றுக்கொண்டிருந்த நம் ஆட்கள் நிறையப் பேர் கப்பலேறிவிட்டார்கள். அவருடைய அண்ணன் குடும்பமும் போனது. அவர் போகவில்லை. கேட்டபோது, வண்டியை யார் பார்ப்பார்கள் என்றாராம்.

பார்ட்ஸ் கிடைக்காத காலம் அது. ஒரு கேஸ்கெட்டை இரண்டு தடவை, மூன்று தடவை போட வேண்டியிருந்தது. அதனால் எதையும் சும்மா பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்தால் கேஸ்கெட் போச்சு. ஆகவே பிரிப்பதற்கு முன் அரை நாள் வண்டியோடு உட்காரச் சொல்வார். டிரைவரை உட்கார வைத்துக் கேட்பார்: எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, மழையிலா, வெயிலிலா, பாரத்திலா, காலியிலா. நான் ஒரு தடவை அவருக்குத் தெரியாமல் அவசரப்பட்டு ஹெட்டை இறக்கிவிட்டேன், உன் வண்டிக்கு வந்ததே, அதே குமிழிக்காக. அடிக்கவில்லை. கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார வைத்து, கவர்னர் விடும் சத்தத்தை இருபது தடவை எண்ணச் சொன்னார்.

#15 கலோ_தேயிலை

நான் கலோவிலேயே இருக்கிறேன், சின்ன லாரி ஓட்டுகிறேன். பெகு அண்ணன் எழுதியதில் எல்லாரும் விட்டுவிட்ட ஒன்று கண்ணில் பட்டது. ஏற்றத்தில் ஓரம் கட்டி நாலைந்து லிட்டர் ஊற்றினீர்களே, அது எங்கள் ஊர்த் தண்ணீர்தானே?

இந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல். எங்கள் வீட்டுக் கெண்டியில் மூன்று மாதத்தில் வெள்ளை ஓடு கட்டும். அதே ஓடுதான் ரேடியேட்டர் குழாயிலும் எஞ்சின் தண்ணீர்ப் பாதையிலும் கட்டும். நடைக்கு இவ்வளவு ஊற்றினால் எவ்வளவு சுண்ணாம்பு சேர்ந்திருக்கும்!

#16 பெகு_லாரி

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. ரேடியேட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வாயெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. மேல் டேங்கின் ஈயத்தைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கக் கொடுத்திருக்கிறேன்.

#17 மோல்மேன்_டீசல்

கலோ தம்பி சொன்னது பொன். நான் விட்டுவிட்டேன்.

ரேடியேட்டர் வந்ததும் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்று. தகரக் கூரையில் முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாவது மூன்றாவது மழையைப் பிடி. அதோடு கூலன்ட் கலந்துகொள். கூலன்ட் என்றால் குளிர் நாட்டுக்காரர்களுக்கு என்று நினைக்கிறார்கள். துருப் பிடிக்காமல் காப்பதும், தண்ணீர் படும் லைனரில் ஊசிக் குழி விழாமல் காப்பதும் அதுதான். வண்டியில் எப்போதும் 20 லிட்டர் கேன் ஒன்றில் அதே கலவை இருக்கட்டும். வழியில் கிடைப்பதை ஊற்றாதே.

ரேடியேட்டர் மூடியையும் மாற்று. மூடியில் 0.5 அல்லது 0.9 என்று போட்டிருக்கும், உன் வண்டிக்கு எது வந்ததோ அதையே வாங்கு. 0.9 மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் 118 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்த மூடி என்றால் 100-லேயே கொதித்துவிடும். கலோ உயரத்தில் அதற்கும் முன்னாலேயே.

#18 கலோ_தேயிலை

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்ரஸர் அந்த நிலையில் இருந்தபோது உருளைக்கிழங்கு பாரத்தோடு இந்த மலையை இறங்கியிருக்கிறீர்களே, நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் டிரம்மைக் குளிர வைக்கத் தண்ணீர் விடுகிற வண்டி என்றால் மேலேயிருந்தே சொட்ட விடுங்கள். பாதி வழியில் டிரம் பழுத்த பிறகு திறந்துவிட்டால் இரும்பு வெடிக்கும். எங்கள் ஊர் வளைவுகளில் அப்படி வெடித்த டிரம்களைப் பார்த்திருக்கிறேன்.

#19 பெகு_லாரி

அவுங்பானிலிருந்து எழுதுகிறேன். நேற்று ஏறினோம். உரம் 300 மூட்டை, அதாவது 15 டன். கிளம்பும் முன் பம்பரில் தபியே இலை (நல்ல சகுனத்துக்குக் கட்டுவது) கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் எடுத்தேன்.

யின்மாபின் தாண்டியதும் வழக்கமாக ஓரம் கட்டும் இடம் வந்தது. பையன் என்னைப் பார்த்தான், நான் முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு ஒரு நூல் மேலே. விட்டேன். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. முள் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவே இல்லை. கலோ ஊருக்குள் நுழையும்போது மணி மூன்றே கால். போன நடையில் இருட்டிவிட்டது.

இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாராம்.

#20 மோல்மேன்_டீசல்

சந்தோஷம் தம்பி. டேங்க் காக்கைத் திறந்து பார்த்தாயா? தட்டில் என்ன வந்தது?

#21 பெகு_லாரி

பார்த்தேன் ஐயா. ஒரு தேக்கரண்டி தண்ணீர், நிறமில்லை, வாடையில்லை. விரலில் தேய்த்தும் பார்த்தேன், வழவழப்பு இல்லை.